மூன்று வாரத்தில் கப்பல் பட்டறைக்குத் திரும்பலாமா?

அண்ணே, ஸ்லீவ் அறுவை (உடல் எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது) முடிந்து மூணு வாரம்தான், சூப்பர்வைசர் திங்கட்கிழமை சிங்கப்பூர் துவாஸில் உள்ள பட்டறைக்கு வரச் சொல்கிறார், வேலையோ 25 கிலோ தூக்குவது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். வெளியே தையல் ஆறியிருந்தாலும் உள்ளே தசை ஆறியிருக்காது. பாரம் தூக்கினால் அறுவைக்காக வயிற்றில் துளை போட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம். பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் தூக்க விடமாட்டார்கள். அறுவை செய்த டாக்டரிடம் 'லைட் டியூட்டி' கடிதம் கேளுங்கள். எத்தனை கிலோ, எத்தனை நாள், ஏணி ஏறலாமா என்று அதில் தெளிவாக இருக்கட்டும். "லேசான வேலை" என்று மட்டும் எழுதினால், சைட்டில் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள்.

பிறகு வேலைக்குத் திரும்பும்போது எனக்குப் பெரிய கவலை வெயில்தான். ஒரே மூச்சில் பாட்டிலைக் காலி செய்ய இனி உங்கள் வயிறு இடம் தராது. கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு, நாளுக்கு ஒன்றரை லிட்டராவது. சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், அரைமணி கழித்துக் குடியுங்கள். புரதம் தினம் 60 கிராம். இடைவேளையில் முதலில் முட்டையோ மீனோ, பிறகுதான் சோறு. உடம்பு வலிக்கு டாக்டரைக் கேட்காமல் இபுப்ரோஃபென் போடாதீர்கள், வயிற்றில் புண் வரலாம்.

தலைசுற்றினால் உடனே இறங்கி உட்காருங்கள். காய்ச்சல், படபடப்பு, இடது தோள்வலி, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி இருந்தால் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.