வாலிபர் கையில் என்ன கொடுக்கிறோம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

நான் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவள். வயது 26. தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருஷம் வாலிபர் ஐக்கியத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். மே மாதம் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி முகாம் நடத்தும்படி போதகர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வருவார். பாட்டு, விளையாட்டு, கடைசி இரவு அர்ப்பணிப்பு ஆராதனை. எல்லோரும் கண்ணீரோடு முன்னால் வருவார்கள். ஜூன் மாதம் பார்த்தால் கூடுகையில் ஏழெட்டுப் பேர்தான் இருப்போம். பலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இருக்கிறவர்களைப் பார்த்துப் பெரியவர்கள், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை" என்கிறார்கள். இந்த முறை வேறு மாதிரி செய்ய ஆசை. என்ன தலைப்புகளில் வகுப்பு வைக்கலாம்? பேச்சாளராக யாரைக் கூப்பிடலாம்? நீங்கள் வர முடியுமா?

– ஒரு சகோதரி, ஊத்தங்கரை

அன்புள்ள தங்கைக்கு,

பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லை என்கிறார்கள். சரி, இதுவரை என்ன பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாற்காலி போடுவது, மைக் செட் கட்டுவது, கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் தொங்கவிடுவது, அறுப்பின் பண்டிகையில் பந்தி பரிமாறுவது, பாட்டு வரிகளைத் திரையில் போடுவது. எல்லாமே நல்ல உழைப்பு. ஆனால் ஒன்றிலாவது அவர்கள் முடிவெடுக்க இடம் இருக்கிறதா?

கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாதம் நம் பக்கத்தில் பனி எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பனியில் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு வேன் போகாத தெருவெல்லாம் நடந்து, விடியவிடியப் பாடுகிறவர்கள் வாலிபர்கள். வீட்டுக்காரர்கள் கவரில் வைத்துத் தரும் காணிக்கை காலையில் பொருளாளரிடம் போய்விடுகிறது. மொத்தம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பது பாடியவர்களுக்குத் தெரிவதில்லை. பிப்ரவரியில் ஞாயிறு பள்ளிக்கு கலர் பென்சில் வாங்க 500 ரூபாய் வேண்டுமென்றால் அவர்களே கமிட்டி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். இதைப் பல சபைகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ஒரு நிஜமான வேலையை, அதற்கான பணத்தோடும் முடிவெடுக்கும் உரிமையோடும், ஒரு வாலிபர் கையில் கொடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். நம் ஊர்க் கிணறுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியது இப்படித்தானே? இடுப்பில் கயிறு, மேல்படியில் கயிற்றைப் பிடித்தபடி மாமா. பிள்ளை தண்ணீரில்தான் இருக்கும். மூன்று நாளும் வகுப்பில் உட்கார வைத்துக் கைகாலை எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் நீந்தப்போவதில்லை.

வேதத்திலிருந்து வகுப்பு வேண்டுமென்றால் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை எடுங்கள். வாலிபர் முகாமில் வழக்கமாகத் தீமோத்தேயுவும் தாவீதும்தான் வருவார்கள். அவர்களும் வேண்டியவர்கள்தான். ஆனால் ஒரு சபை எப்படிப் புதிய தலைவர்களை உருவாக்கியது என்பது இந்த அதிகாரத்தில்தான் துலக்கமாக இருக்கிறது. எருசலேம் சபையில் தினசரி சாப்பாட்டுப் பகிர்வில் கிரேக்கு பேசுகிறவர்களின் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள். முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கண்டிக்கவில்லை, ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கமும் வைக்கவில்லை. சபையாரைக் கூட்டி, நற்சாட்சியுள்ள ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள், இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்கிறோம் என்கிறார்கள். அந்த ஏழு பெயர்களையும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதும் போயிருக்கிறது என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அப்புறம் நடந்ததையும் பாருங்கள். பந்தி விசாரிக்கப் போட்ட ஸ்தேவான் யூதர்களின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் நின்று பேசி உயிரைக் கொடுக்கிறார். பிலிப்பு சமாரியாவுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுபோகிறார். அரிசி பருப்புக் கணக்கில் தொடங்கியவர்கள் இவர்கள்.

நம் சபைகளில் யார் குறை சொல்கிறார்கள், யார் பெயர் பட்டியலில் வருகிறது என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். வாலிபர் ஐக்கியத் தலைவர் என்றால் கமிட்டியில் இருக்கிற குடும்பத்துப் பையன் என்றே பல இடங்களில் ஆகிவிட்டது. காலனியிலிருந்து வருகிற பிள்ளைக்குக் குரல் நன்றாக இருந்தால் பாடகர் குழுவில் இடம் உண்டு, பொருளாளர் பதவிக்கு மட்டும் அவன் பெயர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இது சாதி. சபைக்குள் அதை வேறு பெயர் சொல்லி மூட வேண்டாம். பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போதே இதை நேராகப் பார்த்துவிடுங்கள், பின்னால் சரிசெய்வது மிகவும் கஷ்டம்.

பணத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வே.ச. அசரியா திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய 1903ல் அவருக்கு 28 வயது. அதற்குமுன் சில வருஷங்களாக ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகப் போய் வாலிபர் சங்கங்களைக் கட்டிக்கொண்டிருந்தவர். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதற்காக உழைத்தவர்களில் நம் சேலத்தில் பிறந்த கே.டி. பாலும் ஒருவர். பிறகு இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளராகி, கிராமப் புனரமைப்பு வேலையில் பேரெடுத்தவர். 1905ல் அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அந்தச் சங்கத்தின் கொள்கை. பணமும் நிர்வாகமும் வெள்ளைக்காரர் கையில் இருந்த காலத்தில் இந்த வாலிபர்கள் அந்த இரண்டையும் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். அசரியா 1912ல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். பத்து வருஷம் கணக்கும் நிர்வாகமும் பழகாமல் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

நம் மாவட்டத்துச் சபைகள் எப்படி வேர் விட்டன என்பதையும் வாலிபர்களுக்குச் சொல்லுங்கள். 1895ல் கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷன் வேலையைத் தொடங்கிய நேதர் 1904ல் பிளேக் நோயில் இறந்துபோனார். மிஷனரிகள் இப்படிச் சாவதும் மாற்றலாகிப் போவதும் சகஜமாக இருந்த காலத்தில், தமிழ்நாடு முழுக்கக் கிராமச் சபைகளைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள், அதாவது ஊரிலேயே இருந்து ஜெபம் நடத்தி வேதம் போதித்த நம் ஆட்கள். அவர்களில் இளவயதினரும் உண்டு. மூத்த உபதேசியார் ஒருவரோடு நடந்து, அவர் முன்னாலேயே ஜெபம் நடத்தி, திருத்தம் வாங்கி, பிறகு தனியாக ஒரு ஊரை ஏற்றவர்கள். உங்கள் சபையின் மூத்தவர்களில் யாருடைய தாத்தாவாவது உபதேசியாராக இருந்திருப்பார். கேட்டுப் பாருங்கள், கதைகள் வரும்.

இனி மே மாதத்துக்கு வருவோம். முகாமுக்கு முன்பே போதகரிடமும் கமிட்டியிடமும் சில வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். கேரல் ரவுண்ட்ஸ் கணக்கு ஒன்று. ரசீதுப் புத்தகம், வவுச்சர், இரண்டு பேர் கையெழுத்து, மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னால் வரவு செலவு வாசிப்பது. கணக்கைச் சபை நடுவே நின்று வாசித்த பிள்ளைக்கு மேடைப்பேச்சு வகுப்பு தனியாக வேண்டியதில்லை. ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு இன்னொன்று. 17 வயதுப் பிள்ளைக்கு ஆறேழு குழந்தைகளைக் கொடுங்கள், ஒரு அனுபவசாலி பின்னால் உட்காரட்டும், நடுவில் குறுக்கிட வேண்டாம். முடிந்ததும் பத்து நிமிஷம் தனியாகப் பேசட்டும்: எது நன்றாக வந்தது, எங்கே தடுமாறியது, அடுத்த வாரம் என்ன மாற்றலாம். இந்தப் பத்து நிமிஷத்தைத் தவறவிடவே கூடாது, பயிற்சியே அதில்தான் இருக்கிறது. தர்மபுரி அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும் சபையாரைப் போய்ப் பார்ப்பது, துக்க வீட்டில் முதல் நாள் இரவு கூட இருப்பது, இதற்கெல்லாம் இரண்டு இரண்டு பேராக, ஒரு மூத்தவரும் ஒரு வாலிபரும் சேர்ந்து போகலாம்.

ஓசூருக்குப் போகிறவர்களை நீங்கள் கை நழுவியவர்களாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நம் பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்கள் என்று வைத்துத் திட்டம் போடுவதுதான் கோளாறு. எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஷிப்டு வேலை, விடுதியில் ஒரே அறையில் பல பெண்கள், ஞாயிற்றுக்கிழமையும் வேலை வரலாம், அக்கம்பக்கம் தெலுங்கும் கன்னடமும். அங்கே போகிற 19 வயதுப் பெண்ணுக்கு நம் சபை என்ன கொடுத்து அனுப்புகிறது? பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜோசப் கார்டைன் 1925ல் இளம் தொழிலாளர்களுக்காக ஓர் இயக்கத்தை முறையாகத் தொடங்கினார். பார், எடைபோடு, செயல்படு என்பது அவருடைய வழி. ஆலையில் நடப்பதை முதலில் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள். சுவிசேஷத்தின் வெளிச்சத்தில் அது சரியா என்று நண்பர்களோடு உட்கார்ந்து எடைபோடு. உன்னால் முடிந்த ஒரு சிறிய காரியத்தைச் செய். கத்தோலிக்கர் முறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் 1997லிருந்து தனி மறைமாவட்டமே இருக்கிறது. பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலின் இளையோர் குழுவில் இந்த முறை தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களையே முகாமுக்கு வந்து ஒரு அமர்வு நடத்தச் சொல்லுங்கள். ஓசூர் விடுதியில் நாலு பெண்கள் சேர்ந்து புதன்கிழமை இரவு ஜெபித்து, புதிதாக வந்தவளுக்கு வங்கிக் கணக்கு தொடங்க உதவி, காய்ச்சல் வந்தவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், அங்கே ஒரு தலைவி இருக்கிறாள். உங்கள் ஐக்கியத்தின் வாட்ஸப் குழுவில் அவள் பேச மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன். பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒவ்வொரு வாலிபருக்கும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். சபையின் பெயர் கெடும் என்று மூடுவதற்கு அதில் இடமில்லை, நம் விசுவாசத்திலும் இடமில்லை. நம் மாவட்டங்களில் குழந்தைத் திருமணம் இன்னும் ஓயவில்லை. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பது போதகருக்கு முன்னால் அவளுடைய ஞாயிறு பள்ளி அக்காவுக்குத்தான் தெரியவரும். அந்த அக்கா யாரிடம் சொல்வது, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு எப்படிப் பேசுவது என்று முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். குழந்தைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியை இந்த முகாமிலிருந்தே தொடங்குங்கள்.

பொறுப்பு கொடுத்தால் சிலர் சொதப்புவார்கள். ரசீது தொலையும், ஒருவன் வகுப்புக்கு வராமல் போவான். அப்போது கமிட்டியில் "நாங்கள் அப்போதே சொன்னோம்" என்ற பேச்சு வரும். அந்த நாளுக்காக மாற்குவின் கதையைக் கைவசம் வைத்திருங்கள். பம்பிலியாவில் ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவனை அடுத்த பயணத்தில் சேர்க்க முடியாது என்று பவுல் பிடிவாதமாக நின்றார். பர்னபா அதற்காகப் பவுலையே பிரிந்து, மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பல வருஷம் கழித்து அதே பவுல், மாற்குவை அழைத்துக்கொண்டு வா, அவன் எனக்குப் பயன்படுகிறவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். உங்கள் கமிட்டியில் பர்னபா யார் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கிடைத்தால் போதும்.

பேச்சாளர் யார் என்று கேட்டிருந்தீர்கள். இந்த முறை வெளியாள் வேண்டாம். பயணச் செலவுக்கும் காணிக்கைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஓசூரிலிருந்து பிள்ளைகள் வந்து போகப் பஸ் கட்டணம் கொடுங்கள். நான் வருகிறேன், ஆனால் வாலிபர்களுக்குப் பேச அல்ல. முதல் நாள் மாலை உங்கள் போதகரும் கமிட்டிப் பெரியவர்களும் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். எந்தெந்த வேலையை யார் கையில் விடுவது, யார் பக்கத்தில் நிற்பது என்று பெயர் பெயராக எழுதிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். அதற்கு அவர்கள் சம்மதிக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். தேதியை அப்புறம் முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அண்ணன்