பம்ப் மாற்ற 45,000 ரூபாய் கடன் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 2013 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், பீட்ரூட் ஏற்றுகிறேன். திரும்பும்போது உரமோ மளிகையோ கிடைக்கும். ஒரு மாதமாகக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. பில்டருக்கு டீசல் ஏற்றும் கை பம்பை நாலு அழுத்து அழுத்தினால் ஆகிவிடுகிறது. லோடோடு மலை ஏறும்போது இழுவையே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஹை பிரஷர் பம்ப் (டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புவது) போய்விட்டது, 45,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். தண்டல்காரர் 50,000 தரத் தயார். 45,000 கையில் வரும், தினம் 500 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இல்லை, வண்டியைத் தள்ளிவிட்டு 8 லட்சம் கடனில் புது வண்டி எடுத்துவிடலாமா? டீசல் எல்லாம் போக மாதம் 24,000 நிற்கிறது. டீசல் தினமும் 700 ரூபாய்க்கு அடிக்கிறேன்.

பதில்: இன்றைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் பம்ப் போய்விட்டதா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். அதற்கு 2,000 ரூபாய்க்குள் முடியும்.

நான் இப்படிச் சொல்வதற்கு உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வரிதான் காரணம்: கை பம்பை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிறது. ராத்திரி நிறுத்தி வைத்த நேரத்தில் லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கி, அந்த இடத்தில் காற்று புகுந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். டேங்கிலிருந்து பில்டர் வரைக்கும் வரும் ஹோஸில் ஒரு சின்ன வெடிப்பு, தளர்ந்த கிளிப், நசுங்கிய வாஷர், எதுவாகவும் இருக்கலாம். தேய்ந்துபோன ஹை பிரஷர் பம்ப் பெரும்பாலும் எஞ்சின் சூடாக இருக்கும்போது, அதாவது லோடு இறக்கிவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போதுதான் படுத்தும். டீசல் சூட்டில் இளகிவிடுவதால் தேய்ந்த பம்பால் பிரஷர் ஏற்ற முடிவதில்லை. உங்களுக்கோ காலையில்தான் தொந்தரவு.

கோவையில் என்னிடம் கணக்குக் கொடுக்கும் லோடு வண்டிக்காரர் ஒருவர் பம்புக்கு 38,000 செலவழித்தார். பத்து நாளில் அதே கோளாறு திரும்ப வந்தது. கடைசியில் இன்னொரு மெக்கானிக் கழற்றிக் காட்டியது ஒரு ஜாண் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாக இருந்தது, மடித்தால் வெடிப்பு வாயைத் திறந்தது. அந்த 38,000 ரூபாயை அவர் கட்டி முடிக்க ஒரு வருஷம் ஆனது. அந்த பில் இன்னும் என் பைலில் இருக்கிறது.

ஆகவே மெக்கானிக்கிடம் இந்த வரிசையில் கேளுங்கள். டீசல் பில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து ராத்திரி அப்படியே வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இருந்தால் காலையில் அடியில் தனியாகத் தெரியும். வெயிலில் தூக்கிப் பார்க்கும்போது மினுமினுவென்று பொடி மிதந்தால் அது உலோகத் தூள். அப்போது பம்ப் உள்ளுக்குள் அரைபடுகிறது என்று நீங்களும் நம்பலாம். எதுவும் இல்லையென்றால் பில்டரை மாற்றிவிட்டு, பில்டருக்கு வரும் லைனில் ஒரு துண்டு வெள்ளை டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டு எஞ்சினை ஓட விடுங்கள். குமிழ் ஓடினால் காற்று இழுக்கிறது. அப்புறம் டேங்கை விட்டுவிட்டு, ஒரு சுத்தமான கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கேனில் நன்றாக இழுத்தால் கோளாறு டேங்கிலோ லைனிலோதான். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் வண்டி இழுக்காது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி. ஸ்டார்டர் சுற்றும்போது ரெயிலில், அதாவது பம்ப் அழுத்தி அனுப்பும் டீசல் சேரும் குழாயில், பிரஷர் சுமார் 200 பார் (பிரஷரின் அளவு) அளவுக்காவது ஏற வேண்டும். ஏறாவிட்டாலும் உடனே பம்பைக் குற்றம் சொல்லக் கூடாது. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் திருப்பி விடும் மிச்ச டீசலை (ரிட்டர்ன்) தனித்தனி பாட்டிலில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு இன்ஜெக்டர் மட்டும் அதிகமாகத் திருப்பி விட்டால் நல்ல பம்பு கூடக் கெட்டதுபோலத்தான் தெரியும். ஒன்று கவனம்: எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்த யாரையும் விடாதீர்கள். அந்த வேகத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தினமும் 700 ரூபாய்க்கு டீசல் அடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏழு லிட்டர் சொச்சம். மலைச் சாலையில் வண்டி சாயும்போது டேங்கில் கொஞ்சமாக இருக்கும் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். பம்புக்கு வேறு எண்ணெய் கிடையாது. டீசலே அதற்கு மசகு, டீசலே அதைக் குளிர்விக்கிறது. கையில் பணம் புரளாததால்தான் இப்படி அடிக்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் எப்படியாவது ஒரு முறை கால் டேங்க் நிரப்பிவிட்டு, அதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு தினச் செலவு அதே 700 தான்.

சோதனை எல்லாம் முடிந்து பம்ப்தான் என்று ஆனால், கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் பெஞ்சில் போட்டு ரிசல்ட்டைக் காகிதத்தில் வாங்குங்கள். முழுப் பம்பும் மாற்ற வேண்டுமா, வால்வு மட்டும் போதுமா என்பது அங்கேதான் தெரியும். உலோகத் தூள் இருந்தால் டேங்க், லைன், ரெயில் கழுவுவதும் அதே பில்லில் வர வேண்டும். கழுவாமல் போட்டால் புது பம்பும் நிற்காது. வாரண்டியை எழுதி வாங்குங்கள், பழைய பம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்துக்குத் தண்டல் வேண்டவே வேண்டாம். 5,000 ரூபாய்தானே போகிறது என்று தோன்றும். தினமும் அசலும் சேர்ந்து குறைவதால், 100 நாளில் சராசரியாக உங்கள் கையில் இருக்கும் அவர் பணம் 22,500 சொச்சம்தான். அதற்கு 100 நாளில் 5,000 என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 80 சதவீதம். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வையுங்கள். வருஷம் 12 சதவீதம் என்று வைத்தாலும் 45,000க்கு மாதம் 450 ரூபாய்தான் வட்டி.

புது வண்டிக் கணக்கு இது: 8 லட்சம், 11 சதவீதம், 5 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 17,400. வட்டி மட்டும் சுமார் 2.44 லட்சம் போகும். 24,000 ரூபாயில் குடும்பத்துக்கு மிஞ்சுவது 6,600. கேரட் விலை விழுந்து லோடு குறையும் ஒரு மாதத்தை இது தாங்காது. புது வண்டி எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு வருஷத்தில் பெரிய ரிப்பேர் மட்டும் ஆறு தவணைக்கு மேல், அதாவது ஒரு லட்சத்தைத் தாண்டினால், அல்லது எஞ்சினையே பிரிக்க வேண்டி வந்தால், விற்றுவிடலாம். அப்போதும் ஓடுகிற வண்டியாக, 15 வயது ஆவதற்குள் விற்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குப் புரோக்கர் சொல்வதுதான் விலை.

வண்டி சரியானதும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் 3,000, வருஷத்துக்கு 36,000. அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது அந்தப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போகலாம். இப்போதைக்கு, நாளைக் காலை கை பம்பைத் தொடுவதற்கு முன்னால் அந்த ஹோஸை ஒரு முறை மடித்துப் பாருங்கள்.