கல்லூரி கோச் ஆக ஆசைப்படும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள், படிப்பு முடிந்ததும் கல்லூரி கோச் ஆவேன் என்கிறாள், அவள் போக்கில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம் அம்மா. ஆனால் ஆட்டத்தை மட்டும் நம்பி விடக்கூடாது.

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாட் சம்மிட்டைப் பற்றி உங்கள் மகளிடம் பேசிப் பாருங்கள். 1974-ல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது அவருக்கு வயது 22, மாதச் சம்பளம் 250 டாலர். வேன் ஓட்டியதும் சீருடை துவைத்ததும் அவரேதான். கல்லூரிக் கடைசி ஆண்டில் முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே உடற்கல்வியில் முதுகலை படித்தார். காலையும் தேற்றிக்கொண்டு 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வாங்கினார். 1984 லாஸ் ஏஞ்சலீஸில் அவர் பயிற்சி கொடுத்த அமெரிக்க அணிக்குத் தங்கம். டென்னசியில் 38 சீசன்களில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். பெற்றோர் கவனிக்க வேண்டியது அந்த 1974–76 காலத்தைத்தான். ஆட்டம், படிப்பு, பயிற்சி மூன்றும் அவருக்கு ஒரே சமயத்தில் ஓடின. ‘முதலில் ஆடி முடிக்கிறேன், பிறகு படித்துக்கொள்கிறேன்’ என்கிற பிள்ளைகள்தான் இங்கே 27, 28 வயதில் திகைத்து நிற்கிறார்கள்.

நம் ஊரில் ‘கல்லூரி கோச்’ என்று சொல்லும்போது இரண்டு வேறு வேலைகள் கலந்துவிடுகின்றன. ஒன்று, பி.டி. என்று மாணவர்கள் அழைக்கும் உடற்கல்வி இயக்குநர். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி சம்பளம் உள்ள நிரந்தரப் பணி இதுதான். மற்றது, அணிக்காக நிர்வாகம் ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளும் பயிற்சியாளர். இவருடைய வேலை அணி ஜெயிப்பதையும் நிர்வாகத்தின் மனதையும் பொறுத்தது. உங்கள் மகள் முதலாவதைக் குறிவைக்கட்டும்.

அதற்கு உடற்கல்வியில் முதுகலை வேண்டும், குறைந்தது 55 சதவீதத்தோடு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 சதவீதச் சலுகை உண்டு. இதோடு நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சி, கல்லூரிகளுக்கிடையே அல்லது பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆடிய சான்று, உடற்தகுதித் தேர்வு. 30 வயது வரை உள்ள பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர் ஓடியோ நடந்தோ முடிக்க வேண்டும். பி.காம். முடித்தவர் நேராக எம்.பி.எட். என்கிற அந்த இரண்டு வருட முதுகலையில் சேர முடியாது, நடுவில் பி.பி.எட். என்கிற இரண்டு வருட உடற்கல்விப் பட்டம் வேண்டும். ஆக, டிகிரிக்குப் பிறகு நான்கு வருடம். சென்னை நந்தனத்தில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியையும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும் முதலில் விசாரியுங்கள். பி.காம். மதிப்பெண்ணும் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். போட்டிக்குப் போய் அரியர் வைக்கும் பிள்ளைகளுக்கு பி.பி.எட். சேரும்போதுதான் அதன் வலி தெரியும்.

பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸின் ஒரு வருடப் பயிற்சியாளர் டிப்ளமோ நல்ல படிப்பு. அரசு விளையாட்டு விடுதிகளிலும் அகாடமிகளிலும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்து உடற்கல்வி இயக்குநர் ஆக முடியாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறைய.

தெற்கு ரயில்வே போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் தயங்காமல் சேரட்டும். சம்பளம் வாங்கிக்கொண்டே ஆடலாம், பின்னாளில் அந்த அணிக்கே பயிற்சியாளராகவும் வரலாம். அதற்குச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். கோப்பையோடு தரும் பளபளப்பான சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் பணிகளுக்கு, தேசியப் போட்டி என்றால் படிவம் 2, சங்கச் செயலாளர் கையெழுத்து; பல்கலைக்கழகப் போட்டி என்றால் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்து. கல்லூரி முதல்வர் போட்ட கையெழுத்து அங்கே செல்லாது. ஆடிய வருடத்திலேயே வாங்கிவிடுங்கள். பொறுப்பாளர் மாறிய பிறகு பழைய பதிவேட்டைத் தேடவைப்பது பெரும்பாடு.

முழங்காலையும் மறக்காதீர்கள். இந்த ஜவ்வுக் கிழிவு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது, அதுவும் குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும். இறங்கும்போது முட்டிகள் உள்பக்கம் சாய்கின்றனவா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்தாலே சொல்லிவிடுவார். தொடைப் பின்தசைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாளாவது வேண்டும்.

கோச் வேலை அவளுக்குப் பிடிக்குமா என்பதை இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடலாம். பக்கத்துப் பள்ளியில் 12 சிறுமிகளுக்கு 90 நிமிடப் பயிற்சி ஒன்றைத் தாளில் திட்டமிட்டு நடத்தட்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, 12 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு பந்தில் லே-அப் (ஓடிவந்து வளையத்துக்கு அருகே எம்பிப் போடுவது) போடச் சொல்வது. முக்கால்வாசி நேரம் பிள்ளைகள் சும்மா நிற்பார்கள். ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்துக்கும் மூன்றுக்கு மூன்று ஆடவிட்டால் எல்லோர் கையிலும் பந்து வரும், ஆளைத் தடுக்கவும் பழகுவார்கள். மினி பிரிவுச் சின்னப் பிள்ளைகளுக்கு 5-ஆம் அளவுப் பந்து. பெரிய 7-ஆம் அளவைக் கொடுத்தால் தூக்கி எறியத்தான் பழகும், ஷூட்டிங் கெடும். மாவட்டக் கூடைப்பந்துக் கழகத்தில் நடுவர் தேர்வு எப்போது என்றும் அவளையே போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். படிக்கிற காலத்தில் ஊதிப் பழகிய விசிலுக்கு வார இறுதிகளில் கைச்செலவுக்குப் பணமும் வரும்.