சாக்லேட் கேக் நடுவில் குழிவது ஏன்? ஓவனைக் குறை சொல்லுமுன் டம்ளரைப் பாருங்கள்

கேள்வி: தூத்துக்குடியில் வசிக்கிறேன். ஓர் ஆண்டாக வீட்டில் பேக்கிங் பழகி வருகிறேன். தேங்காய் பிஸ்கட், வாழைப்பழ கேக், பிரெட் புட்டிங் எல்லாம் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடும்படி வருகின்றன. சாக்லேட் கேக் மட்டும் மூன்று முறையும் நன்றாக உப்பி எழுந்து, வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் நடுவில் குழிந்துவிட்டது. அது ஓர் அமெரிக்கச் செய்முறை: ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, 2 முட்டை, ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரை தேக்கரண்டி சமையல் சோடா. எல்லாவற்றையும் ஒரே டம்ளரால்தான் அளந்தேன். 9 அங்குல டின் இல்லாததால் 7 அங்குல டின்னில் ஊற்றினேன். என்னிடம் இருப்பது 19 லிட்டர் ஓடிஜி, மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன். அதை விற்ற கடைக்காரர் பெரிய ஓவன் வாங்கச் சொல்கிறார். வகுப்பு நடத்தும் ஒருவர், கேக் ஜெல் சேர்க்காததுதான் காரணம் என்கிறார். 6,500 ரூபாய் கட்டினால் ஜெல்லும் பிரீமிக்ஸும் அடங்கிய பெட்டியும், விற்பனைக்கு உதவும் சான்றிதழும் தருவாராம். எதைச் செய்வது? ஊட்டியில் இருக்கும் என் அக்காவுக்கும் இதே பிரச்சினைதான்.

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள், சகோதரி. 19 லிட்டர் ஓடிஜியில் 7 அங்குல கேக் தாராளமாகச் சுடலாம். ஜெல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். குறை நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே இருக்கிறது: "எல்லாவற்றையும் ஒரே டம்ளரால்தான் அளந்தேன்."

"எந்த டம்ளராக இருந்தால் என்ன, எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொண்டால் விகிதம் சரியாகிவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். இட்லிக்கும் பாயசத்துக்கும் அது சரி. கேக்குக்குச் சரியில்லை. முட்டையை யாரும் டம்ளரில் அளப்பதில்லை, எண்ணிப் போடுகிறோம். பேக்கிங் பவுடரையும் சோடாவையும் தேக்கரண்டியால் போடுகிறோம். டம்ளர் சிறியதாக இருந்தால் மைதாவும் சர்க்கரையும் குறையும், இந்த மூன்றும் குறையாது.

அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் பல 200 மில்லிக்குள் அடங்கிவிடும். உங்களுடையதும் 200 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செய்முறை எதிர்பார்த்த மைதா சுமார் 190 கிராம், நீங்கள் போட்டது 155 கிராம் அளவுதான். பேக்கிங் பவுடரும் சோடாவும் முழு அளவில் விழுந்திருக்கின்றன. அதாவது மாவோடு ஒப்பிட்டால் அவை இரண்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கேக்கை மேலே தூக்குவது சோடாவின் வாயு, தூக்கியதை நிற்க வைப்பது மைதாவும் முட்டையும். கால் குறைந்த பந்தலில் காற்றை நிரப்பியதுபோல, கேக் வேகமாக எழுகிறது, சூடு குறைந்ததும் அமர்ந்துவிடுகிறது. மூன்று முறையும் "நன்றாக உப்பி எழுந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே சாட்சி.

வாழைப்பழ கேக் ஏன் தப்பித்தது என்று கேட்பீர்கள். அது இயல்பிலேயே கனமானது, அதிகம் எழாது, அதனால் விழுவதற்கும் இடமில்லை. பிஸ்கட்டும் அப்படித்தான்.

உடனே செய்ய வேண்டியது: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் சமையல் தராசு வாங்குங்கள். 6,500 ரூபாய் வகுப்பு தராத பலனை அது தரும். வாங்கியதும் முதல் வேலையாக டம்ளரைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. இனி அமெரிக்கச் செய்முறைகளில் ஒரு கப் மைதா என்றால் 125 கிராம், சர்க்கரை என்றால் 200 கிராம், வெண்ணெய் என்றால் 227 கிராம் என்று ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தேக்கரண்டி என்பது தலைதட்டிய 5 மில்லி. காபி கலக்கும் ஸ்பூன் அல்ல.

"அளவுக் கப் செட் வாங்கினால் போதாதா?" என்று கேட்காதீர்கள். சென்ற ஆண்டு மாணவர்களுக்குக் காட்டுவதற்காக மூன்று கடைகளில் மூன்று செட் வாங்கினேன். ஒன்றில் 250 மில்லி என்று அச்சிட்டிருந்த கப், விளிம்புவரை நிரப்பியும் 225 கிராம் தண்ணீர்தான் பிடித்தது. இன்னொன்றில் எந்த எண்ணும் இல்லை, "1 கப்" என்று மட்டும் இருந்தது. எந்த நாட்டுக் கப்? 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு மாறிய நாடு இது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட கிராம் அச்சிட வேண்டும். அந்த பிஸ்கட்டை வீட்டில் செய்யக் கற்றுத்தரும் சமையல் புத்தகம் மட்டும் இன்றுவரை "ஒரு கப்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சரிபார்த்த முத்திரையோடு ஒரு கப் செட்டை நான் இதுவரை கண்டதில்லை. இதனால் வீணான முட்டைக்கும் வெண்ணெய்க்கும் யார் பொறுப்பு? கடைசியில் வீட்டுப் பெண்கள் "எனக்குக் கைராசி இல்லை" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத கோபம் தரும் விஷயம்.

அடுத்தது டின். 9 அங்குலத்துக்குப் பதில் 7 என்றால் இரண்டு அங்குலம்தானே குறைவு என்று தோன்றும். வட்டத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒன்பதின் வர்க்கம் 81, ஏழின் வர்க்கம் 49. அதே கலவை உங்கள் டின்னில் ஒன்றரை மடங்குக்கும் மேலான உயரத்தில் நிற்கிறது. ஓரம் வெந்து முடியும்போது நடு இன்னும் கூழாக இருக்கும். டின்னில் பாதிக்குச் சற்று மேல்வரை மட்டும் ஊற்றுங்கள். மிச்சத்தைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றித் தனியாகச் சுட்டால் பிள்ளைகளுக்குக் கப் கேக் ஆயிற்று.

சாக்லேட் கேக்குக்கு மட்டும் இன்னொரு தொல்லை உண்டு. வெண்ணிலா கேக் வெந்ததா என்பதை அதன் பொன்னிறமே சொல்லிவிடும். கோகோ சேர்ந்த கலவை பச்சையாக இருக்கும்போதே கறுப்பு. கண் ஏமாந்துபோய்க் கடிகாரத்தை நம்புகிறோம். கடிகாரத்தை விடுங்கள். செய்முறை சொன்ன நேரத்தில் முக்கால் பங்கு முடியும்வரை கதவைத் திறக்க வேண்டாம். பிறகு நட்டநடுவில் ஓர் ஈர்க்குச்சியைக் குத்தி எடுங்கள். ஈரமாவு ஒட்டக் கூடாது, ஓரிரு துகள் ஒட்டினால் பரவாயில்லை. விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் விழாமல் மேலே வர வேண்டும். ஓரம் டின்னைவிட்டு மயிரிழை அளவு விலகியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து வந்தால்தான் வெளியே எடுக்கலாம்.

ஓவன் காட்டும் சூடு உண்மையா என்பதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். ஒரு தேக்கரண்டி சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி, 175 டிகிரியில் நன்றாகச் சூடேறிய ஓவனில் 15 நிமிடம் வையுங்கள். உருகக் கூடாது. புதிய சர்க்கரையோடு 195இல் மறுபடி செய்யுங்கள். உருக வேண்டும். சர்க்கரை உருகுவது 186 டிகிரிக்கு அருகில். முதல் சோதனையிலேயே உருகினால் உங்கள் ஓவன் சொல்வதைவிடச் சூடானது. இரண்டாவதிலும் உருகாவிட்டால் சூடு போதவில்லை. அதற்கேற்பத் திருகைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செய்முறையில் 350 என்றிருப்பது பாரன்ஹீட், நமக்கு அது 175 முதல் 180 செல்சியஸ்.

இனி அந்த வகுப்பும் பெட்டியும். கேக் ஜெல் என்பது எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பொருள். பேக்கரிகளில் ஸ்பாஞ்ச் கேக்குக்காகப் பயன்படுத்துகிறார்கள், அதில் தவறில்லை. வேகாத நடுப்பகுதியை அது வேகவைக்காது, டம்ளரின் குறையையும் தீர்க்காது. கேக் ஏன் குழிந்தது என்று உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் மருந்து எழுதுகிறவர் ஆசிரியர் அல்லர், வியாபாரி. பிரீமிக்ஸ் அதைவிட மோசம். மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடரைக் கலந்து உறையில் போட்டு, அதன் விலையைப் பல மடங்காக்கி உங்களிடமே விற்பார்கள். அதில் கேக் நன்றாக வரும். வருவதாலேயே நீங்கள் எதையும் கற்க மாட்டீர்கள், உறை தீர்ந்ததும் மறுபடி அவரிடமே போவீர்கள். அந்தப் பெட்டியில் "டார்க் காம்பவுண்ட்" என்று ஒரு கட்டி இருந்தால் அதைச் சாக்லேட் என்று எண்ணிவிடாதீர்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்ந்தது அது. சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள்.

சான்றிதழ்? வீட்டில் கேக் சுட்டு விற்க எந்த வகுப்பின் சான்றிதழும் தேவையில்லை. தேவை உணவுப் பாதுகாப்புப் பதிவு. சிறு அளவில் செய்பவர்களுக்கு அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைப் பிழைக்க வைப்பது, எளிய வேலையையும் எளிய தமிழில் விளக்கிச் சொல்லாத அலுவலகங்கள்தான்.

கடற்கரை ஊர் என்பதால் ஒரு சொல்: மளிகைக் கடையில் பெரிய டப்பாவிலிருந்து பிரித்து, தேதியில்லாத பாலித்தீன் உறையில் கட்டித் தரும் பேக்கிங் பவுடரை வாங்கவே வாங்காதீர்கள். தூத்துக்குடிக் காற்றின் ஈரம் பட்டு அது ஏற்கெனவே பாதி செத்திருக்கும். வெந்நீரில் அரைக் கரண்டி போட்டால் சீறிப் பொங்க வேண்டும். சோடாவுக்கு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

உங்கள் அக்கா கதை வேறு. அவர் டம்ளரைத் திருத்தினாலும் கேக் குழியக்கூடும், குறை மலையில் இருக்கிறது. குன்னூரில் நான் முதன்முதலாக வகுப்பெடுத்தபோது, மதுரையில் நூறு முறை சுட்ட அதே கேக் எல்லார் கண் முன்னாலும் உட்கார்ந்துவிட்டது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு. அதே பேக்கிங் பவுடரின் வாயு அங்கே அதிகம் விரிகிறது, கேக் அவசரமாக எழுகிறது. தண்ணீரோ 92, 93 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. கலவையில் நீர் குறைந்து சர்க்கரையின் ஆதிக்கம் கூடுகிறது. சர்க்கரை கூடினால் கேக் இறுகுவது தாமதமாகும். எழுவது சீக்கிரம், இறுகுவது தாமதம், பிறகு எப்படி நிற்கும்? எனவே அவர் நான்கு மாற்றங்கள் செய்ய வேண்டும். பேக்கிங் பவுடரையும் சோடாவையும் கால் பங்கு குறைக்கட்டும். ஒரு கப் சர்க்கரைக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி எடுத்துவிடட்டும். பால் அல்லது தண்ணீரை ஒரு கப்புக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூட்டட்டும். ஓவன் சூட்டை 10 டிகிரி ஏற்றி, நேரத்தைச் சில நிமிடம் குறைக்கட்டும். இன்னும் குழிந்தால் அடுத்த முறை சோடாவிலிருந்து மேலும் ஒரு சிட்டிகை எடுக்கலாம். கொடைக்கானல், நுவரெலியா வாசகர்களுக்கும் இதுவே. அக்காவின் திருத்தத்தை நீங்கள் தூத்துக்குடியில் செய்துவிடாதீர்கள். கேக் செங்கல்லாகிவிடும்.

அடுத்த முறை குழிந்தாலும் கேக்கை எறிய வேண்டாம். வேகாத நடுப்பகுதியில் பச்சை முட்டை இருக்கும், அதை மட்டும் வெட்டி ஒதுக்கிவிடுங்கள். வெந்த ஓரங்களை உதிர்த்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பரப்பி, ஆறிய கஸ்டர்டை ஊற்றி, மேலே நறுக்கிய வாழைப்பழமும் வறுத்த முந்திரியும் போட்டு மூன்று மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கேக் துகள் கஸ்டர்டை உறிஞ்சி ஊறியிருக்கும். மேலேயிருந்து அள்ளாமல், கரண்டியை அடிவரை இறக்கிப் பரிமாறுங்கள்.