ஐயனைசர் வச்சுக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எங்க பையனுக்கு ஆறு வயசு, வீசிங் இருக்கு. வீடு செல்லூர்ல, மாடியில ஒரே ரூம், நாலு பேரும் அதுலதான் படுக்குறோம். என் கொழுந்தனார் ஐயனைசர்னு ஒரு சின்ன மெஷின் வாங்கிட்டு வந்து பிளக்குல சொருகிவிட்டார், ஃபில்டரே மாத்த வேண்டாம், மலைக்காத்து மாதிரி இருக்கும்னு சொல்றார். அத போட்டதுல இருந்து ரூம்ல ஒரு மாதிரி வாடை வருது, பையன் ராத்திரி இருமுறது குறையவே இல்ல. வச்சுக்கலாமா?
– வாசகி, செல்லூர்

பதில்: முதல்ல அத கழட்டி வச்சிருங்கம்மா, மீதிய அப்புறம் படிங்க.

ஜெராக்ஸ் கடைக்குள்ள போய் நின்னா சுள்ளுன்னு ஒரு வாடை மூக்குல ஏறுமே, அதே வாடைதான வருது? அது ஓசோன். வானத்துல உயரத்துல இருக்குறப்ப வெயிலோட கெடுதல் கதிர்கள தடுக்குற அதே வாயு, மூச்சுக்குழாய்க்குள்ள போனா அத புண்ணாக்கி சுருங்க வைக்கும், வீசிங் இருக்குற புள்ளைக்கு இத விட வேற என்ன வேணும். கலிபோர்னியாவுல வீட்டுக்குள்ள வைக்கிற காத்து மெஷின் எதுவும் 0.05 பிபிஎம்முக்கு மேல ஓசோன் விடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதாவது பத்து கோடி பங்கு காத்துல அஞ்சு பங்கு, அவ்வளவு கொஞ்சமா இருந்தாலே கவலைப்படுற சமாச்சாரம் இது. நாலு நாள்ல வாடை தெரியாம போனாலும் நம்பாதீங்க, மூக்கு பழகிப்போயிரும், ஓசோன் அங்கயேதான் இருக்கும்.

எல்லா ஐயனைசரும் ஒரே அளவு ஓசோன் விடும்னு சொல்லல, கம்மியா விடுறதும் இருக்கு. ஆனா அதுவும் தூசிய புடிச்சு வைக்கிறது இல்ல, தூசிக்கு கரண்ட் சார்ஜ் ஏத்தி விடுது, அது போய் சுவத்துலயும் மெத்தையிலயும் ஒட்டிக்குது, அவ்வளவுதான். எங்க வீட்டுலயே எங்க அத்தை ரூம்ல ஒருத்தர் சொன்னாருன்னு ஒண்ணு மாட்டியிருந்தோம், ஒரு வருஷம் கழிச்சு கழட்டுனா பின்னாடி சுவத்துல முறம் அளவுக்கு கருப்பா திட்டு, ஈரத்துணி வச்சு துடைச்சாலும் போகல. சுவத்துல அவ்வளவு ஒட்டியிருந்தா அத்தையோட தலகாணியிலயும் போர்வையிலயும் எவ்வளவு ஒட்டியிருக்கும், காலையில போர்வைய உதறுறப்ப எல்லாம் திரும்பவும் மூக்குக்குத்தான வந்திருக்கும், இத நினைச்சா இப்பவும் எனக்கு மனசு கேக்காது.

இன்னொண்ணு, எலுமிச்சை வாசம் வர்ற ஃப்ளோர் கிளீனர் ஊத்தி துடைக்கிற வீட்டுல ஓசோன் இருந்தா ரெண்டும் சேந்து ஃபார்மால்டிஹைடுங்குற நச்சு வாயுவும் ரொம்ப நுணுக்கமான துகள்களும் உண்டாகுது, அதாவது சுத்தம் பண்ண பண்ண காத்து கெட்டுப்போகுது.

பையனுக்கு டாக்டர் குடுத்த இன்ஹேலர ஸ்பேஸர் (இன்ஹேலர் வாயில மாட்டுற குழாய்) வச்சு தவறாம குடுங்க, எந்த மெஷின நம்பியும் அத நிறுத்திடாதீங்க. தலகாணி உறை, பெட்ஷீட்ட வாரம் ஒருதடவ நல்ல சுடுதண்ணியில அலசி வெயில்ல போடுங்க, நம்ம மதுர வெயில் எதுக்கு இருக்கு. வீட்ட வெளக்கமாத்தால கூட்டாம ஈரத்துணியால துடைங்க. இருமல் ஒரு வாரத்துல அடங்கலன்னா பையனோட டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிருங்க. கொழுந்தனார் நல்ல மனசோடதான் வாங்கிக் குடுத்திருப்பார், அவர கோவிச்சுக்காதீங்க, இந்தப் பக்கத்த காட்டுங்க போதும்.

கேள்வி: ஹெப்பா ஃபில்டர் போட்ட ஏர் ப்யூரிஃபையர் வாங்கி மூணு மாசம் ஆகுது. அப்பாவுக்கு பீடி குடிச்சு நுரையீரல் போச்சு, அவருக்காகத்தான். இப்ப ஃபில்டர் கருப்பா இருக்கு, தண்ணியில கழுவலாமா? எங்க ஏரியாவுல கொசு ஜாஸ்தி, ராத்திரி கொசுவத்தி பொருத்தாம தூங்க முடியாது, மெஷின் ஓடுறதால புகை பிரச்சினை இல்லைனு நினைக்கிறோம்.
– வாசகர், அவனியாபுரம்

பதில்: தம்பி, மூணு மாசத்துல ஃபில்டர் ஏன் கருத்துச்சுன்னு நீங்களே எழுதிட்டீங்க. ஒரு கொசுவத்தி முழுசா எரிஞ்சா 75-ல இருந்து 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வருதுன்னு 2003-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அப்பா பீடிய விட்டுட்டார், ஆனா ராத்திரி பூரா வேற ஒரு புகைய அவர் தலமாட்டுலயே வச்சிருக்கீங்க. ஹெப்பா நல்ல சாமான், 0.3 மைக்ரான் துகள்ல 99.97 சதவீதத்த புடிக்கும், ஆனா துகளத்தான் புடிக்கும், புகையில இருக்குற வாயு அதுக்குள்ள புகுந்து வெளிய வந்துரும், அதுக்கு கரி ஃபில்டர் தனியா வேணும், மெல்லிசா ஒரு கருப்பு ஷீட் வச்சிருந்தா அது சீக்கிரமே தீந்துரும்.

கொசுவலை கட்டுங்க, ஜன்னலுக்கு நெட் அடிங்க. சாம்பிராணியும் அப்பா ரூம்ல வேண்டாம், சாமி ரூம்ல போட்டாலும் கதவ சாத்திட்டு ஜன்னல திறந்து வச்சு போடுங்க.

ஹெப்பாவ கழுவவே கூடாது, அந்த நார் எல்லாம் நனைஞ்சா அமைப்பு கெட்டு தூசி நேரா உள்ள போகும், பாக்க மட்டும் வெள்ளையா இருக்கும். முன்னாடி வலை மாதிரி இருக்குமே அந்த ப்ரீ ஃபில்டர மட்டும் கழுவி நல்லா காயவச்சு போடுங்க. புதுசு வாங்குறப்ப "ஹெப்பா டைப்"னு போட்டிருந்தா வாங்காதீங்க, அது நிஜ ஹெப்பா இல்ல.

கேள்வி: படுக்கை ரூம்ல ரெண்டு மணிபிளான்ட், ஒரு ஸ்நேக் பிளான்ட் வச்சா ப்யூரிஃபையரே வேணாமாமே?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: அழகுக்கு வைங்கம்மா. 1989-ல நாசா மூடுன சின்னப் பெட்டிக்குள்ள செடிய வச்சு பண்ணுன சோதனைதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் ஆரம்பம், வீட்டு ரூம் மூடுன பெட்டி இல்ல. ரெண்டு மூணு தொட்டியால ஆகுற காரியம் இல்ல இது, ஜன்னல திறந்தா அத விட நூறு மடங்கு நடக்கும்.

கேள்வி: எந்த சைஸ் ஏர் ப்யூரிஃபையர் வாங்குறது? கடையில 500 சதுர அடிக்கு போதும்னு சொல்லி சின்னத காட்டுறாங்க. ஏசி இருக்கு, அதுவே போதாதா?
– வாசகர், திருநகர்

பதில்: சதுர அடிய விடுங்க, பெட்டியில சிஏடிஆர்னு ஒரு நம்பர் இருக்கும், மெஷின் மணிக்கு எத்தன கன மீட்டர் சுத்தமான காத்து குடுக்கும்னு சொல்றது அது, அதப் பாருங்க. 10க்கு 12 ரூம், உயரம் 10 அடின்னா 34 கன மீட்டர் காத்து, அது மணிக்கு அஞ்சு தடவ சுத்தமாகணும்னா சிஏடிஆர் மணிக்கு 170 கன மீட்டர் வேணும், 200 இருக்குறத வாங்குனா ஸ்பீட குறைச்சு சத்தமில்லாம ஓட்டலாம். அயன் (Ion)னு ஒரு பட்டன் இருந்தா அது முதல் கேள்வியில சொன்ன ஐயனைசர்தான், அத ஆஃப் பண்ண முடியுமான்னு கடையிலயே அமுக்கிப் பாத்துட்டு வாங்குங்க.

ஏசி போதாது, அதுல இருக்குற வலை பெரிய தூசியத்தான் தடுக்கும், சாதா ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டுவராது, ப்யூரிஃபையரும் கொண்டுவராது. ராத்திரி பூரா அடைச்சுக்கிட்டு படுத்தா நாம விடுற மூச்சே ரூம்ல தேங்கி காலையில தலைபாரமா இருக்கும். அதனால ரோட்டுல வண்டி ஓட்டம் குறைவா இருக்குற விடியக்காலையில ஒரு அரைமணி நேரம் ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து விடுங்க, பக்கத்துல யாரும் குப்பைய கொளுத்துறாங்களான்னு மட்டும் பாத்துட்டு திறங்க. ஆடிக்காத்து மண்ண வாரி அடிக்கிற நாள்ல அந்த அரைமணிய பத்து நிமிஷமாக்கிக்கோங்க.