மாத்திரைக்குள் ஒரு வேலை இருக்கிறது: பி.பார்ம் பற்றிக் கேட்ட தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. நீட் மதிப்பெண் போதாமல் பி.பார்ம் என்ற மருந்தாளுநர் பட்டப்படிப்பின் பக்கம் திரும்பியிருக்கும் மகள் கடைசியில் மெடிக்கல் ஷாப்பில்தானே நிற்கப் போகிறாள் என்பது ஒன்று. மருந்தை உடம்புக்குள் கொண்டு சேர்க்கும் முறைகளை ஆராயப் போகிறேன் என்கிறாளே, அப்படி நிஜமாகவே ஒரு வேலை இருக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டாவதிலிருந்து வருகிறேன்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மெட்ஃபார்மின் அட்டையை எடுத்து, பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரண மெட்ஃபார்மினில் இருக்கும் அதே மருந்துதான் அதிலும் இருக்கிறது. ஆனால் அந்த மாத்திரை வயிற்றில் ஒரே மூச்சில் கரைந்துவிடாது. தண்ணீர் பட்டதும் கூழ்போல் ஊதும் ஒரு பாலிமரைக் கலந்திருப்பார்கள். அந்தக் கூழுக்குள்ளிருந்து மருந்து மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பொடித்துப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்வது இதனால்தான். முதல் மணி நேரத்தில் எவ்வளவு வர வேண்டும், எட்டாவது மணி நேரத்தில் எவ்வளவு வர வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து வடிவமைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் ஆக நினைப்பது அந்த ஆளாகத்தான்.

இந்தத் துறை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இன்சுலினையே பார்க்கலாம். 1922-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டார்கள். நூறு வருடம் தாண்டியும் பெரும்பாலும் ஊசிதான். காரணம், இன்சுலின் ஒரு புரதம். சாப்பிட்ட பருப்பைச் செரிப்பதுபோல் வயிறும் குடலும் அதையும் செரித்துவிடும். சரி, மூச்சு வழியாக உள்ளே அனுப்பலாம் என்று எக்ஸுபெரா என்ற பெயரில் ஒரு பொடி வந்தது. அமெரிக்காவில் 2006-ல் அனுமதி கிடைத்தது, மறு வருடமே அதை விற்ற ஃபைசர் நிறுவனம் நிறுத்திவிட்டது. மருந்து வேலை செய்தது. ஆனால் உறிஞ்சும் கருவி பெரிதாக இருந்தது, விலையும் அதிகம், வாங்க ஆளில்லை. ஆய்வகத்தில் ஜெயித்த பொருள் நோயாளியின் கைப்பையில் தோற்றுப்போன கதை இது. கருவியின் அளவு, விலை, நோயாளியின் கூச்சம் எல்லாமே இந்தப் படிப்பின் பாடம்தான் என்பதை உங்கள் மகள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வெற்றிக் கதையும் உண்டு. சர்க்கரை நோய் மருந்தான செமாக்ளூட்டைடும் வயிற்றில் சிதைந்துபோகும் வகைதான். அதை மாத்திரையாக்கி 2019-ல் அனுமதி வாங்கிவிட்டார்கள். வயிற்றுச் சுவர் வழியாக மருந்து உள்ளே போக உதவும் ஒரு துணைப்பொருளை அதோடு சேர்த்தார்கள். அப்படியும் விழுங்கியதில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. அதற்கும் வெறும் வயிறு, அரை டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் காத்திருப்பது என்று கெடுபிடி. கொரோனா காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளிலும் உள்ளே இருந்த செய்தியை உடம்பு சிதைத்துவிடாமல் செல்லுக்குள் கொண்டு சேர்த்தவை நானோ அளவிலான கொழுப்புத் துகள்கள். அந்தத் துகள்கள் இல்லாவிட்டால் தடுப்பூசியே இல்லை.

ஆக, வேலை இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது பொருந்துமா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

டாக்டராக ஆசைப்பட்டு, அது கிடைக்காததால் மருத்துவத்துக்குப் பக்கத்தில் எதையாவது படிக்கலாம் என்று வரும் பிள்ளைகள் பலர் இரண்டாம் வருடத்தில் சோர்ந்துபோகிறார்கள். ஏனென்றால் இங்கே நோயாளியின் முகம் அபூர்வமாகத்தான் தெரியும். கரைதிறன், பாகுத்தன்மை, துகள் அளவு, வேதிவினையின் வேகம் என்று வேதியியலும் இயற்பியலும்தான் அன்றாடம். முதுநிலைப் படிப்பான எம்.பார்மில் புராஜெக்ட் செய்கிற ஒரு மாணவியின் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? மாத்திரை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்கும் டிசல்யூஷன் கருவியில் 900 மில்லி திரவம், 37 டிகிரி சூடு, மாத்திரையைப் போட்டுத் துடுப்பைச் சுழல விடுவாள். மணிக்கொரு தடவை 5 மில்லி எடுப்பாள், எடுத்த அளவுக்குப் புதுத் திரவம் ஊற்றுவாள், வடிகட்டுவாள், கரைந்த மருந்தின் அளவைப் புற ஊதா ஒளியால் காட்டும் யூ.வி. கருவியில் அளப்பாள், குறிப்பாள். நீண்ட நேரம் மருந்து விடும் மாத்திரை என்றால் பன்னிரண்டு மணி நேரம் இதே வேலை. வரைபடம் சரியாக வரவில்லையா, பாலிமரின் அளவைக் கொஞ்சம் மாற்றி மறுபடி முதலிலிருந்து. அப்புறம் மருந்து கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி சோதனை: 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும். இதைப் படித்துவிட்டு உங்கள் மகளின் கண்ணில் ஒரு ஆர்வம் தெரிந்தால் தயங்காமல் சேருங்கள். முகம் சுருங்கினால், நர்சிங், பிசியோதெரபி போல நோயாளியோடு நேரடியாகப் பழகும் படிப்புகளைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள்.

இனி வழி. நான்கு வருட பி.பார்ம்தான் அடித்தளம். தமிழ்நாட்டில் இதற்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடங்கள் உண்டு, அவற்றுக்குத்தான் போட்டி. உயிரியல் எடுத்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் கணிதத்தை ஈடுகட்ட ஒரு தாள் வைப்பார்கள். அதைப் பாஸ் பண்ணினால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். பின்னால் வரும், மருந்து உடம்பில் எப்படிப் பரவி வெளியேறுகிறது என்ற மருந்தியக்கக் கணக்குகளில் அது கைகொடுக்கும். மகள் ஆசைப்படும் புதிய மருந்து செலுத்து முறைகள் என்ற பாடம் ஏழாவது செமஸ்டரில் ஒரே ஒரு தாளாக வரும். அதுவரை பொறுமை வேண்டும். இளநிலையிலேயே நானோ என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்து விற்கப்படும் படிப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஆழமாகப் போகும் இடம் முதுநிலைதான். மருந்தை மாத்திரை, ஊசி போன்ற வடிவமாக்குவதைப் படிக்கும் பார்மசூட்டிக்ஸ் பிரிவில் எம்.பார்ம் சேரலாம். எம்.பார்முக்கான தேசிய அளவிலான ஜிபாட் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மொஹாலி, ஹைதராபாத், அகமதாபாத் போன்ற ஊர்களில் உள்ள, மத்திய அரசின் மருந்துக் கல்வி நிறுவனங்களான நைபர்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு.

பொறியியல் வழியாகவும் வரலாம். இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவரான ராபர்ட் லேங்கர் படித்தது வேதிப்பொறியியல். கொரோனா தடுப்பூசி தயாரித்த மாடர்னா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இங்கேயும் பார்மசூட்டிக்கல் டெக்னாலஜியில் பி.டெக். இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பி.டெக். முடித்தவர் பார்மசிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியாது, எம்.பார்மும் சேர முடியாது. நீங்கள் இளக்காரமாகச் சொன்ன அந்த மெடிக்கல் ஷாப், பி.பார்ம் படித்தவருக்கு ஒரு பாதுகாப்பு வலை. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

சம்பளம் கேட்டிருந்தீர்கள். மருந்து ஆலையில் தொடக்கச் சம்பளம் ஐ.டி.யில் சேர்ந்த உறவுக்காரப் பையனின் சம்பளத்தோடு ஒப்பிடும்படி இருக்காது. முதல் சில வருடம் உங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தப் பேச்சு வரும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பி.பார்மோடு நின்றால் உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, விற்பனைப் பிரதிநிதி வேலைகள்தான் அதிகம் கிடைக்கும். மருந்தின் வடிவத்தை உருவாக்கும் ஃபார்முலேஷன் ஆராய்ச்சிப் பிரிவுக்குள் நுழைய எம்.பார்ம் பெரும்பாலும் கேட்பார்கள். ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை சென்னைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும், ஆராய்ச்சி வேலைக்கு ஹைதராபாத், பெங்களூரு, அகமதாபாத், மும்பை போகத் தயாராக இருக்க வேண்டும். பெண்ணை வெளியூர் அனுப்ப மாட்டேன் என்பது உங்கள் முடிவானால், அதை இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள். ஆறு வருடம் படிக்க வைத்த பிறகு சொல்லாதீர்கள். உள்ளூரிலேயே இருக்க வேண்டுமென்றால் கல்லூரி ஆசிரியர் வேலையும், அறிவிப்பு வரும்போது எழுதக்கூடிய அரசு மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) தேர்வும் இருக்கின்றன.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். இந்த வருடத்துக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே பாருங்கள், அலுவலகத்தில் காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். பிறகு ஆய்வகத்துக்குப் போய், மாத்திரை அச்சடிக்கும் இயந்திரத்தையும் டிசல்யூஷன் கருவியையும் காட்டச் சொல்லி, கடைசியாக அவற்றை எப்போது ஓட்டினீர்கள் என்று அங்கிருக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். ஆசிரியரிடம் அல்ல, மாணவர்களிடம்.