எல்லோரும் புகழும் அப்பாவைப் பற்றி நான் என்ன பேசுவது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

என் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து 11 மாதங்கள் ஆகின்றன. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் தச்சுப் பயிற்றுநராக இருந்தார். எங்கள் சபையில் ஏறக்குறைய அதே காலம் உதவிக்காரராகவும் (டீக்கன்) ஊழியம் செய்தார். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் குடும்பத்தின் சார்பில் நான் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று போதகர் கேட்டிருக்கிறார். மூன்று வாரங்களாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

அடக்க ஆராதனையன்று அவருடைய மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். இழைப்புளியைப் பிடிக்கத் தெரியாமல் நின்ற தன் கைகளின் மேல் அப்பா தம் கைகளை வைத்து, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகத் தள்ளிக் காட்டியதை ஒருவர் சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அப்பா என் கையை அப்படிப் பிடித்ததாக ஒரு நினைவும் இல்லையே என்பதுதான் அப்போது மனத்தில் ஓடியது. வீட்டில் அவர் பேசுவது மிகக் குறைவு. மாலையில் சபைக்கோ யாராவது நோயாளியின் வீட்டுக்கோ கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்றுகூடச் சொல்லமாட்டார். எனக்குத் திருமணமான பிறகு வீட்டுக்கு வந்தால், நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். நலம் விசாரிப்பது அதன் பிறகுதான்.

அவரைப் பரிசுத்தவான் என்று பேசினால் பொய் சொல்வதாகத் தோன்றுகிறது. பேசாவிட்டால் நன்றிகெட்டவளாகத் தோன்றுகிறது. நான் இன்னும் ‘கோபக் கட்டத்தில்’ நின்றுவிட்டேன் என்கிறாள் என் சித்தி மகள். அது உண்மையா?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

சித்தி மகள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். கோபம் உள்ளிட்ட ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-இல் எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்துத்தான். அது பின்னாளில் உறவை இழந்தவர்களுக்கும் படிக்கட்டுபோல ஆக்கப்பட்டுவிட்டது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1999-இல் முன்வைத்த விளக்கமே என்னிடம் வருகிறவர்களுடைய அனுபவத்துக்கு அதிகம் ஒத்துவருகிறது: துக்கத்தில் இருப்பவரின் மனம் ஒரு நேரம் இழப்பின் பக்கமும், மறு நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கமுமாக மாறி மாறிப் போய்வருகிறது. ஆகவே நீங்கள் எந்தப் படியிலும் நின்றுவிடவில்லை. தந்தையின் மீதான கோபமும், அவருடைய மாணவர்கள் மீதான பொறாமையும் (நீங்கள் எழுதத் தயங்கிய சொல் அதுதான் என்று நினைக்கிறேன்) துக்கத்துக்குள்ளேயே இருப்பவை.

உங்கள் கையில் இருக்கும் தாள் நிரம்பாததற்கு எனக்குத் தெரியும் காரணம் வேறு. அந்த மாணவர் கண்ட உங்கள் அப்பாவை நீங்கள் எழுதப் பார்க்கிறீர்கள். அவரைச் சொல்ல அந்த மாணவர் இருக்கிறார். நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவரைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

அந்த நாற்காலிதான் அவருடைய அன்பு என்று நான் சொல்லப்போவதில்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை. மேலும், அப்படி விளக்கிவிட்டால் உங்கள் மனத்தாங்கலுக்கு இடமே இல்லாமல் போய்விடும். மாலையில் எங்கே போகிறார் என்று சொல்லாமல் போனதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். அன்றாட உதவியில் கைம்பெண்கள் சிலர் விடுபட்டுப்போனதாக முறுமுறுப்பு எழுந்தபோது அதைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறதல்லவா. உதவிக்காரர் என்ற பொறுப்பை அங்கிருந்தே தொடங்கியதாகச் சபைகள் பலவும் கொள்கின்றன. யாருக்கு அரிசி போயிற்று, யார் வீட்டில் சண்டை என்பதை வெளியே சொல்லாதவரைத்தான் அந்த வேலைக்கு நம்ப முடியும். அந்த மௌனம் சபைக்குத் தேவைப்பட்டது. வீட்டுக்குள்ளும் அதே மௌனம் வந்தபோது உங்களுக்கு வலித்தது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

எழுதும்போது ‘அன்பானவர்’, ‘தியாகி’ போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். வேதாகமத்தில் வரும் தொற்காள் என்ற பெண் இறந்தபோது அழுதுகொண்டு நின்ற விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த உடைகளைத்தான் பேதுருவிடம் எடுத்துக் காட்டினார்கள். உங்களிடம் அவருடைய மூலைமட்டமோ உளியோ இருந்தால் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள். பிடி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்தே முதல் வாக்கியம் வரலாம். சபையில் சொல்ல முடியாதவற்றை அவருக்கே ஒரு கடிதமாகத் தனியே எழுதிவையுங்கள், யாரும் படிக்க வேண்டாம். இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் தீரும் என்ற பழைய கருத்தை 1990-களிலேயே ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கிவிட்டார்கள். அவரோடு சண்டை போடுவதும் ஒரு தொடர்புதான்.

தூக்கமும் உணவும் கெட்டு, வேலையில் மனம் நிலைக்காமல், ஏக்கம் நாள் முழுவதும் விடாமல் பல மாதங்கள் நீடித்தால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எனக்குத் தென்படவில்லை.

ஐந்து நிமிடம் பேசினால் போதும், போதகர் கோபித்துக்கொள்ளமாட்டார். எழுதியதன் ஒரு பிரதியைக் குடும்பத்தில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். குரல் அடைத்துக்கொண்டால் அவர் தொடர்ந்து வாசிக்கட்டும். அந்த மாணவரைச் சந்தித்து, பட்டறையில் அப்பா எப்போதாவது உங்களைப் பற்றிப் பேசியதுண்டா என்று கேட்க ஒருநாள் தோன்றும். ஆராதனையன்று கேட்க வேண்டாம். ‘இல்லை’ என்று அவர் சொன்னாலும் தாங்கிக்கொள்வேன் என்று உங்களுக்குத் தோன்றும்போது கேளுங்கள்.